மெசோடின்ட்: சுரண்டி எடுத்த முகம்

அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதிகளின் பழைய அச்சுப் படங்களைச் சேகரிப்பவர்களிடம் அடிக்கடி அடிபடும் சொல் மெசோடின்ட். செப்புத் தகட்டிலிருந்து படத்தை அச்சிடும் ஒரு முறை இது. தமிழில் இதையும் சேர்த்து 'செதுக்கோவியம்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. செதுக்கோவியத்தில் செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். மெசோடின்ட்டில் வேலை தலைகீழ்.

பல் பல்லாக வெட்டிய வளைந்த உளியைத் தகடு முழுக்க ஆட்டி ஆட்டி முதலில் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் மை தடவி அச்சிட்டால் தாள் கன்னங்கரேலென்று வரும். அப்புறம்தான் படமே தொடங்கும். நெற்றி, மூக்குத் தண்டு, சட்டைப் பொத்தான் என வெளிச்சம் விழவேண்டிய இடங்களைச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். வழவழப்பான இடத்தில் மை தங்காது என்பதால், எவ்வளவு சுரண்டுகிறார்களோ அவ்வளவு வெளிச்சம். உருப்பெருக்கியில் கன்னத்தைப் பாருங்கள்: செதுக்கோவியமாக இருந்தால் பின்னல் கோடுகள் தெரியும், மெசோடின்ட் என்றால் வெல்வெட் துணிபோல மெல்லிய மணல்தன்மை.

1642-இல் லுட்விக் ஃபான் சீகன் என்ற ஜெர்மானியர் இந்த முறையின் தொடக்க வடிவில் ஒரு சீமாட்டியின் உருவப்படத்தை வெளியிட்டார். இதை இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தியவர் இளவரசர் ரூபர்ட். அவரே ஒரு குதிரைப்படைத் தளபதி.

பெயர் இத்தாலிய மொழியில் பிறந்தது. மெட்ஸோ என்றால் பாதி, டின்டோ என்றால் சாயம் ஏறியது. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாயல்களைச் சொல்லும் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 'கருமை முறை' என்றார்கள், டச்சுக்காரர்கள் 'கருங்கலை' என்றார்கள். ஜெர்மானியர் வைத்த பெயருக்குப் பொருள் 'சுரண்டு கலை'.

தமிழுக்கு எது சரி? 'அரைச்சாயல்' என்று நேராகப் பெயர்த்தால், 'ஹாஃப்டோன்' எனப்படும் செய்தித்தாள் படங்களின் புள்ளி அச்சோடு குழம்பும். கை செய்யும் வேலையைச் சொல்லும் ஜெர்மானிய வழியே நமக்குப் பொருந்துகிறது. கல்லில் எடுப்பதைக் கல்லச்சு என்கிறோமே, அதுபோல இதைச் சுரண்டச்சு எனலாம். 'சுரண்டல்' என்றால் உழைப்புச் சுரண்டல் நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் 'அச்சு' சேர்ந்ததும் அந்த வாடை போய்விடுகிறது.

சேகரிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுரண்டச்சு என்று உறுதியானாலும் முகம் உண்மையென்று ஆகிவிடாது. 1775-இல் லண்டன் வெளியீடு என்ற பெயரில் வந்த சுரண்டச்சு ஒன்றில், அமெரிக்கப் படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பார்த்து வரைந்தவர் வில்லியம்ஸ்பர்க்கைச் சேர்ந்த அலெக்சாண்டர் கேம்பெல் என்று அச்சிட்டிருந்தது. அது வாஷிங்டன் கைக்கே வந்துசேர்ந்தது. தமக்குத் தெரிந்து கேம்பெல் என்பவரைப் பார்த்ததே இல்லை, ஆனால் படத்தில் தம் முகத்தில் அவர் வேண்டிய அளவு பயங்கரத்தை வைத்திருக்கிறார் என்று 1776 ஜனவரியில் தம் செயலாளராக இருந்த ஜோசஃப் ரீடுக்கு எழுதினார். அவருடைய படைத் தளபதிகளான கேட்ஸ், ஆர்னால்டு, சார்லஸ் லீ படங்களும் இதே வரிசையில் வந்தன.

1780-இல் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் வெளியிட்ட வாஷிங்டன் சுரண்டச்சு வேறு ரகம். பீல் அவரை நேரில் உட்காரவைத்து வரைந்தவர், அவருடைய படையில் போரிட்டவரும்கூட.