தெருநாய் வைத்தியம்: அரசு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

அடிபட்ட தெருநாயைத் தூக்கிக்கொண்டு ஓடும் சின்னக் குழுக்கள் எல்லாம் ஒருநாள் கேட்கிற கேள்விதான்: "இதுக்கு அரசு ஏதாவது தருமா?" தரும். ஆனால் பெரும்பாலும் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும்தான். உடைந்த காலுக்கும் புழு வைத்த புண்ணுக்கும் கிடைக்கிற பணம் குறைவு, அதற்கான வழியும் வேறு. இது புரிந்துவிட்டால் கையில் இருக்கிற நன்கொடையை எதில் போடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ், 2001-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் வந்தவை விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள். தெருநாய்க்குக் கருத்தடை செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்கின்றன இந்த விதிகள். மாநகராட்சியோ நகராட்சியோ இதைத் தானே செய்யலாம், அல்லது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மூலம் செய்யலாம். பிடித்து வந்த நாய்க்கு எண் போட்ட கழுத்துப்பட்டை கட்ட வேண்டும். அறுவைக்குப் பின் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே காது மடலில் ஒரு சின்ன வெட்டு போடுவார்கள்.

அதனால் சிகிச்சைக்கு வரும் நாயின் காதைத்தான் முதலில் பாருங்கள். வெட்டு இல்லையென்றால் கருத்தடை அறுவைச் செலவை நீங்கள் சுமக்காதீர்கள். தெருப் பெயர், எத்தனை நாய்கள், எதற்கெல்லாம் காது வெட்டு இல்லை என்று எழுதி, படத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கும் அழைக்கலாம். ஆறு மாதம் ஆகாத குட்டிக்குக் கருத்தடை கிடையாது. குட்டி போட்ட தாயையும், குட்டிகள் பால் மறக்கும் வரை பிடிக்கக் கூடாது. நாய் பிடிக்கும் வண்டிக்காரர் இவற்றைப் பிடித்துவிட்டால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, வைத்தியச் செலவுக்கு? தமிழ்நாட்டில் 2022-23 பட்ஜெட்டில் 20 கோடி ரூபாயில் 'வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்' என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஆதரவற்ற, காயம்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவுவதற்கானது அது. விலங்குகள் நல வாரியத்திலும் காப்பகம் கட்ட, ஆம்புலன்ஸ் வாங்க என்று மானியங்கள் உண்டு. இதெல்லாம் அமைப்புகளுக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கும் வேண்டும். நிறுவனங்கள் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதிக்கான பட்டியலிலும் விலங்கு நலன் இருக்கிறது. அங்கே போனாலும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

காகிதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் குழுவில் முதல் வருடம் மருந்துக்கடை பில்லெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடந்தது. தணிக்கையாளர் கேட்டு எடுத்துப் பார்த்தால் பாதி பில்லில் மை மங்கி, வெள்ளைத் தாள் மட்டும்தான் மிச்சம். இப்போது வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு நாய்க்கும் நோட்டில் ஒரு பக்கம்: தேதி, எடுத்த இடம், எடை, படம், கொடுத்த மருந்து, பில் எண். மானியம் கேட்கும்போது கண்ணீர்க் கதையைவிட இந்த நோட்டுதான் பேசும்.

செலவைக் குறைக்க அரசு கால்நடை மருத்துவமனை, சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. நாய்க்கு வருவார்களா என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

என் அனுபவத்தில் பணத்தைத் தின்பது மருந்து அல்ல, கூண்டு. குணமான நாயைப் பாசத்தில் வைத்துக்கொண்டே போனால், அடுத்து அடிபட்டு வருவதற்கு இடமிருக்காது. அதன் தெருவிலேயே விடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து எடுத்த நாய் என்றால், விடுவதற்கு முன் உள்ளாட்சியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வெறிநோய் சந்தேகம் இருக்கிற நாயை மற்றவற்றோடு அடைக்கவே கூடாது. விதிப்படி அதைத் தனியாக, இயற்கையாகச் சாகும்வரை வைத்திருக்க வேண்டும், உள்ளாட்சிக்குச் சொல்லிவிடுங்கள். நாய் தூக்கும் தொண்டர்கள் எல்லோரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ஊசி இலவசம்.