உப்பும் கிருமியும் கூழ்மப் படலமும்

காரம் அதிகம் சாப்பிட்டால் இரைப்பையில் புற்றுநோய் வருமா என்று சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் கருவாடும் ஊறுகாயும் தவறாமல் வாங்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நாக்கை எரிப்பதால் பழி மிளகாய் மீது எளிதில் விழுகிறது. ஆனால் ஆய்வுகள் அழுத்தமாகச் சுட்டுவது ஊறுகாயிலும் கருவாட்டிலும் நிறைந்திருக்கும் உப்பையும், சிறுவயதிலேயே வயிற்றில் குடியேறிவிடும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியையும்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளில் மனிதருக்கு உறுதியானவை அடங்கிய முதல் வகையில் சேர்த்துவிட்டது.

அமிலம் கொதிக்கும் இரைப்பையில் ஓர் உயிர் எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பூட்டும் பகுதி. இரைப்பையின் உட்சுவரைக் கூழ்மப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. சுருள் வடிவக் கிருமி அதைத் திருகாணிபோல் துளைத்துச் செல்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில், கெட்டியான அக்கூழில் அதன் வால் இழைகள் சுழன்றாலும் உடல் நகர்வதில்லை. அது யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கிறது. அமிலம் தணிந்ததும் கூழ் இளகி நீர்மமாகிவிட, தானே உண்டாக்கிய அந்தச் சிறு ஓடையில் கிருமி நீந்திச் சென்று சுவரின் உயிரணுக்களை அடைகிறது. அங்கே அது மூட்டும் அழற்சி பல பத்தாண்டுகள் நீடித்தால், சிலரிடம் சுரப்பிகள் தேய்ந்து, உயிரணுக்களின் இயல்பு மாறி, புற்றுநோயில் முடிகிறது.

மிகை உப்பு அதே படலத்தையும் சுவரையும் சேதப்படுத்துகிறது. போதாக்குறைக்கு, உப்பு மிகுந்த சூழலில் இக்கிருமியின் சில வகைகள் காக்-ஏ என்ற நச்சுப் புரதத்தைக் கூடுதலாகச் சுரப்பதையும் ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்வாசிகள் நாளொன்றுக்குச் சராசரியாக உப்பிலுள்ள சோடியத்தை 3,620 மில்லிகிராம் உட்கொள்வதாக 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வு காட்டியது. பரிந்துரைக்கப்படும் உச்ச அளவோ 2,000 தான். புகைபிடித்தலும் மிகுந்த மதுவும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பழங்களிலும் காய்களிலும் உள்ள வைட்டமின் சி, இரைப்பையில் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய் தூண்டும் வேதிப்பொருள்கள் உருவாவதைத் தடுக்கிறது.

ஒரு புதிர் மிச்சமிருக்கிறது. சிங்கப்பூர் இந்தியர்களிடம் இக்கிருமி பரவலாகக் காணப்பட்டும், இரைப்பைப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. கிருமியின் வகையா, மரபணுவா, உணவா என்ற கேள்விக்கு மஞ்சளின் மகிமை என்று வாட்ஸ்அப்பில் பரவும் பதில் போதாது; பொறுமையான நீண்டகால ஆய்வு வேண்டும், அதற்குப் பொதுநிதியைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு இரைப்பைப் புற்றுநோய்க் குடும்ப வரலாறு இருந்தால், மருத்துவரிடம் மூச்சுப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். கருவியால் இனங்காணத்தக்க கரிமத்தால் அடையாளமிட்ட யூரியாவை விழுங்கச் சொல்வார்கள். கிருமி இருந்தால் யூரியேஸ் அதைப் பிரித்துவிடும், அடையாளமிட்ட கரியமில வாயு சில நிமிடங்களில் மூச்சில் வெளிப்படும். கண்டறிந்த கிருமியை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் ஒழித்துவிடலாம்.