ஒயிட் எலிஃபண்ட்: அப்பத்தா சொன்ன தமிழ்

போன ஐப்பசி மழையில் எங்கள் பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து, தாழ்வாரம் முழுக்க ஒழுகியது. பங்காளிகளில் பக்கத்தில், காரைக்குடியில், இருப்பவன் நான் ஒருவன்தான். கொத்தனாரைக் கூட்டிப் போய்க் காட்டி, செலவுக் கணக்கை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வீட்டுக்கு 14 பங்கு. மற்ற பதிமூன்று பேரும் பேசவில்லை என்று சொல்ல முடியாது, சிங்கப்பூர் தம்பி மட்டும் உடனே போன் செய்தான்.

"வருஷா வருஷம் இதே கதைதானாண்ணே? இந்த வீடு ஒரு ஒயிட் எலிஃபண்ட்ணே."

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. முகப்பில் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். "என்ன சொல்றான்?" என்றார். "வீடு வெள்ளை யானையாம் அப்பத்தா" என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஐராவதமா! நல்ல வாக்கு. சுந்தரமூர்த்தி நாயனார் கயிலாயத்துக்கு ஏறிப்போன யானையில்ல அது? புள்ளைக்கு வீட்டு மேல எவ்வளவு பிரியம் பாரு."

அப்பத்தா மேல் குற்றமில்லை. தமிழ் காதுக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் வாகனம்தான். பெரியபுராணத்தின் கடைசிச் சருக்கத்துக்கே வெள்ளானைச் சருக்கம் என்றுதான் பெயர். கயிலைக்கு அழைத்துப்போக வந்த யானையை, ஓடு மாற்றக் காசு கேட்கும் வீட்டுக்கு உவமை சொன்னால் யாருக்குப் புரியும்?

ஆங்கிலத்தில் இதற்குப் பொருள் வேறு. பராமரிக்கும் செலவு அதனால் வரும் பயனைவிடப் பல மடங்கு. ஆனாலும் தூக்கிப் போட முடியாது. அப்படிப்பட்ட சொத்து ஒயிட் எலிஃபண்ட். விமானமே வராத விமான நிலையத்தை, போட்டி முடிந்து பூட்டிக் கிடக்கும் ஸ்டேடியத்தைச் சொல்வார்கள். செலவு, கைவிட முடியாமை இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. எங்கள் வீட்டு அறை ஒன்றில் அப்பத்தா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மங்குச் சாமான் (பீங்கான் பாத்திரங்கள்) அடுக்கடுக்காகக் கிடக்கிறது. யாரும் எடுப்பதில்லை, ஆனால் அது தீனி கேட்பதும் இல்லை. ஆகவே அது வெள்ளை யானையில் சேராது. (அமெரிக்காவில் வேண்டாத வீட்டுச் சாமானைப் போட்டு விற்கும் சந்தைக்கும் இதே பெயர் உண்டு. அங்கே மங்குச் சாமான் சேர்ந்துவிடும்.)

இந்தச் சொல் வந்த திசையைப் பார்த்தால் வேடிக்கை. எங்கள் வளவின் (நடு முற்றத்தின்) தூணெல்லாம் பர்மாத் தேக்கு. ஐயாவின் அப்பச்சி கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊரிலிருந்து கப்பலில் வந்தது. அந்த யானையும் அதே பக்கத்து ஆள்தான். பர்மாவிலும் சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) வெள்ளை யானை அரசனின் புண்ணியத்துக்கு அடையாளம். புத்தரைக் கருவுற்றபோது மாயாதேவியின் கனவில் வந்தது வெள்ளை யானை என்பதால் அதற்கு அத்தனை மதிப்பு. 1763 முதல் 1776 வரை பர்மாவை ஆண்ட மன்னரின் பட்டப்பெயரே சின்பியூஷின், அதாவது வெள்ளை யானையை உடையவர். அதற்கு 200 வருஷம் முன்பே, உன்னிடம் இருக்கும் வெள்ளை யானையைக் கொடு என்று பர்மிய மன்னர் பயின்னவுங் கேட்டு, சயாமின் அயுத்தயா மன்னர் மறுத்து, 1563இல் போரே மூண்டது. சயாம் கொடியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த யானை நின்றது.

நிறம் என்று பார்த்தால் பால் வெள்ளை கிடையாது. தோல் வெளிறி, இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். 1884இல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் பர்மாவிலிருந்து ஒன்றை வரவழைத்துக் காட்டியபோது, சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும் என்று வந்த கூட்டம் ஏமாந்து போனது.

புனித யானையை மரம் இழுக்க விட முடியாது, ஆனால் ராஜ உபசாரம் செய்தாக வேண்டும். இதிலிருந்துதான் ஆங்கிலேயர் கதை கட்டினார்கள்: சயாம் ராஜா தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம், விற்கவும் முடியாமல், வேலை வாங்கவும் முடியாமல், தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாவாராம். எனக்கு நம்பிக்கை இல்லை. போர் மூளுமளவு பிடித்துவைத்த பொருளை, ஆகாதவனுக்கா தூக்கிக் கொடுப்பார்கள்? கதை எப்படியோ, 19ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. நம் பத்திரிகைகள் அதை அப்படியே 'வெள்ளை யானை' என்று எழுதப் பழகின.

இதையெல்லாம் சுருக்கி அப்பத்தாவிடம் சொன்னேன். ஐராவதம் போன வருத்தம் முகத்தில் தெரிந்தது. "அட, யானையைக் கட்டித் தீனி போடறதுன்னு சொல்றதுக்கு வெள்ளை என்னத்துக்கு, கறுப்பு என்னத்துக்கு?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். 'யானையைக் கட்டித் தீனி போடுவது' நம்மிடம் முன்பே இருக்கிறது. கட்டியாகிவிட்டது, இனி போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற தவிப்பும் அதில் கேட்கிறது. சுருக்கமான பெயர்ச்சொல்லாக வராது என்பது ஒரு குறைதான். தலைப்பு எழுதுகிறவர்களுக்கு வெள்ளை யானை கைக்கு அடக்கம். ஆனால் பேச்சில் 'அந்தப் பாலம் யானையைக் கட்டித் தீனி போடற வேலை' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. புலி வாலைப் பிடித்த கதை என்று சிலர் மாற்றிச் சொல்கிறார்கள். அதில் விட்டால் உயிருக்கு ஆபத்து, இதில் பர்ஸுக்குத்தான்.

ஓட்டுக் கணக்கில் தம்பி தன் பங்கை மறுநாளே அனுப்பிவிட்டான். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டான். "அண்ணே, யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுவாங்கள்ல? முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில சும்மா விசாரிச்சுப் பாருங்க. நம்ம தேக்குத் தூண் ஒண்ணு என்ன விலை போகும்?"

அந்தப் போனை ஸ்பீக்கரில் போடவில்லை.