ஸ்கூபாவுக்குக் கீழ் வயது உண்டு, மேல் வயது ஏன் இல்லை?

2019 ஆகஸ்ட் கடைசியில் ரே வூலி என்ற பிரிட்டிஷ்காரர் சைப்ரஸ் தீவின் லார்னகா ஊருக்கு அருகே, காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் ஸ்கூபா டைவிங்குக்காகக் கடலில் இறங்கினார். 1980இல் அங்கே மூழ்கிய ஜெனோபியா என்ற கப்பல் இன்றும் அடியில் கிடக்கிறது. அதைப் பார்க்க 42.4 மீட்டர் ஆழம் வரை போய், 48 நிமிடம் தண்ணீருக்குள் இருந்துவிட்டு மேலே வந்தார். அப்போது அவருக்கு வயது 96. பொழுதுபோக்காக டைவ் செய்பவர்கள் 40 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாத்தா அதையும் தாண்டிவிட்டார்.

அதே கடலில் ஒன்பது வயதுப் பிள்ளை ஸ்கூபா சான்றிதழ் கேட்டால் கிடைக்காது. பி.ஏ.டி.ஐ. என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் விதிப்படி அதற்கு 10 வயதாகியிருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகும் 12 வயது வரை 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, பெற்றோரோ பயிற்சியாளரோ கூடவே வர வேண்டும். எட்டு வயதுக்காரர்களுக்கு 2 மீட்டர் ஆழத்தில் மூச்சு விட்டுப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் மேல் வயதுக்கு இப்படி ஒரு எண்ணே விதியில் இல்லை.

காரணம் எளிது. ஒரு பிள்ளையிடம் இன்னும் வளராதது என்ன என்று அதன் வயதைக் கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். ஐம்பது தாண்டியவரிடம் என்ன தேய்ந்திருக்கிறது என்பதை வயதை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் பிள்ளைகள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நெஞ்சுக்குள் அவ்வளவு இடம் கிடையாது. முழுக்க நிரம்பிய நுரையீரல் என்றால் ஒரு மீட்டர் சொச்சம் ஏறினாலே காற்றுப்பைகள் கிழிந்து, காற்று ரத்தத்தில் புகுந்து மூளை வரை போய்விடலாம். அதனால்தான் ஸ்கூபாவில் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி, மூச்சை அடக்காதே. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிற ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். நீச்சல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்த இடத்தில் உதவாது. நிதானம்தான் வேண்டும், அது வர சில வருஷமாவது ஆகும். இது போதாதென்று பிள்ளைகளுக்குக் காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் குறுகலாக, படுக்கைவாட்டில் இருக்கும். காது அடைத்தால் விடுவித்துக்கொள்வது கஷ்டம். உடம்பும் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். டைவிங் என்றதும் ஆழம்தான் பயம். இதயத்துக்கோ கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும்போதே வேலை கூடிவிடுகிறது. தரையில் நிற்கும்போது கால்களில் தேங்கும் ரத்தத்தைத் தண்ணீரின் அழுத்தம் மேலே தள்ளுகிறது. சுமார் 700 மில்லிலிட்டர் ரத்தம் கூடுதலாக நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. இதய அறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் மிஞ்சிவிட்டது என்று தப்புக் கணக்குப் போட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோன் ஒன்றை இதயம் சுரக்கிறது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே டைவர்களுக்கு ஒன்றுக்கு முட்டுவது இதனால்தான். (வெட்சூட் என்ற இறுக்கமான டைவிங் உடைக்குள் அப்புறம் என்ன நடக்கிறது என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடலாம்.)

நெகிழ்வான இதயத்துக்கு இந்தக் கூடுதல் ரத்தம் பெரிய விஷயமில்லை. பல வருஷ ரத்தக்கொதிப்பால் சுவர் தடித்து இறுகிப்போன இதயம் அப்படி விரிந்துகொடுக்காது. ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும், அங்கே அழுத்தம் ஏறும், காற்றுப்பைகளுக்குள் நீர் கசியும். ஒரு வாய் கடல்நீர் குடிக்காமலேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதலில் இருமல், மூச்சிரைப்பு, பிறகு சிலருக்கு இளஞ்சிவப்பு நுரை. பாதிக்கப்பட்டவர் பல நேரம், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் காற்று சரியாக வரவில்லை என்றுதான் நினைப்பார். உடனே தண்ணீரைவிட்டு ஏற்றி, நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தெளிந்துவிடும். மேலே வரத் தாமதமானால் உயிரே போகலாம். திடகாத்திரமான நீச்சல் வீரர்களுக்கும் இது வந்திருக்கிறது, ஆனால் வயதும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. முகத்தில் குளிர்ந்த நீர் படுவது இதயத்துடிப்பைக் குறைக்கச் சொல்கிறது. உடம்பெங்கும் படும் குளிரும் பதற்றமும் கூட்டச் சொல்கின்றன. இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் வரும்போது, ஏற்கெனவே பழுதுபட்ட இதயத்தில் துடிப்பின் ஒழுங்கு கெட்டுப்போகலாம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை அலசினார்கள். 26 சதவீதத்தில் ஆளை வீழ்த்தியது இதயக் கோளாறு. சுறாக்களை நினைத்துப் பயப்படுகிறவர்கள் கொலஸ்ட்ராலை நினைத்தும் கொஞ்சம் பயப்படலாம்.

உடல்தகுதி எதற்கு என்றால், சும்மா மிதப்பதற்கு அல்ல. அமைதியான நீரில் காலில் மாட்டிய துடுப்பை (ஃபின்) மெதுவாக அடித்துப் போவது சாதாரண உழைப்புதான். நீரோட்டம் திரும்பினால், படகு தள்ளிப்போனால், துணைக்கு வந்தவரை இழுத்துக்கொண்டு நீந்த வேண்டி வந்தால் கைவசம் உபரி இருக்க வேண்டும். உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் அந்த உபரி கரைகிறது. ஆழம் அதை இன்னும் குறைக்கும். 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி நான்கு மடங்கு, அதிகபட்சமாக மூச்சு வாங்கும் திறன் ஏறக்குறைய பாதி.

பயிற்சியில் வைக்கும் நீச்சல் தேர்வு இதைக் கண்டுபிடிக்காது. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். நீந்துவதற்கு நேரக் கெடுவே இல்லை. தண்ணீர்ப் பயம் இல்லை என்பது மட்டும் அதில் தெரியும். இதயத்தை விசாரிப்பது மருத்துவப் படிவம். அந்தமானின் ஹாவ்லாக் தீவிலோ புதுச்சேரியிலோ டைவிங்குக்குப் பணம் கட்டியதும் அவசர அவசரமாக எல்லாவற்றிலும் ‘இல்லை’ போடுவார்களே, அதேதான். 45 வயதைத் தாண்டியவரா என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்றால் துணைக் கேள்விகள்: புகைபிடிப்பீர்களா, கொலஸ்ட்ரால் அதிகமா, ரத்தக்கொதிப்பு உண்டா, நெருங்கிய உறவில் யாராவது 50 வயதுக்குள் இதயநோயில் போனார்களா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். வயது அங்கே தகுதிநீக்கமல்ல, அடுத்த கேள்விக்குப் போகும் வழி மட்டுமே.

டாக்டரிடம் போனால் டிஎம்டி, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை, எழுதிக்கொடுக்கலாம். இசிஜி மாறியதா என்பதோடு, எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தார் என்பதும் அதில் முக்கியம். ரத்தக்கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை இதயத்துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்துவைக்கும். வீட்டில் தெரியாது, நீரோட்டத்தை எதிர்க்கும்போது தெரியும்.

டைவிங் சான்றிதழ் காலாவதியாவதில்லை. முப்பது வயதில் வாங்கிய அட்டையோடு ஐம்பத்தைந்தில் ஒருவர் வந்தால், பல கடைகளில் நினைவூட்டல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து மாஸ்க்கில் தண்ணீரை வெளியேற்றச் சொல்வார்கள், ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். கூடவே அந்தப் படிவத்தையும் நீட்டுவார்கள். 45 வயதுக் கேள்விக்கு இந்த முறை அவர் ‘ஆம்’ என்றுதான் போட்டாக வேண்டும்.