ஸ்பெக்ட்ரம்: அலைக்கற்றையா, நிறமாலையா?

ஸ்பெக்ட்ரம் என்ற சொல் தமிழ்நாட்டில் பலர் காதுக்கு முதலில் வந்தது வேதியியல் வகுப்பு வழியாக அல்ல, செய்தி வழியாக. 2ஜி விவகாரம் ஓடிய ஆண்டுகளில் நாளிதழ்கள் அதை ‘அலைக்கற்றை’ என்று எழுதின. டீக்கடை வரை அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் சேரும் பிள்ளைகளில் நிறையப் பேர் பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பள்ளிப் பாடப்புத்தகம் அவர்களுக்குக் கொடுத்த சொல் ‘நிறமாலை’. கல்லூரிக்குள் நுழைந்ததும் ‘ஸ்பெக்ட்ரோஸ்கோபி’, அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பொருளை ஆராயும் பாடம். மூன்றும் ஒன்றா, வேறா என்று குழம்புவதில் வியப்பில்லை.

லத்தீனில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்றால் தோற்றம், கண்ணுக்குத் தெரிவது. பேய் உருவத்துக்கும் அதே சொல்தான். ‘பார்’ என்னும் பொருள்தரும் ‘ஸ்பெக்கெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. நாம் தினமும் சொல்லும் இன்ஸ்பெக்டரும், கண்ணாடிக்குச் சொல்லும் ஸ்பெக்ஸும் அந்த வேரின் கிளைகள்தான். 1672இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டன், முப்பட்டகத்தைக் கடந்து சுவரில் நீளமாக விழுந்த வண்ணப் பட்டையை இந்தப் பெயரால் குறித்தார். ‘ஸ்கோபி’ கிரேக்கம், அதற்கும் உற்றுப் பார்த்தல் என்றே பொருள். ஆக ‘ஸ்பெக்ட்ரோஸ்கோபி’ என்பது பார்த்ததையே பார்ப்பது. மூலச்சொல்லில் நிறமும் இல்லை, வரிசையும் இல்லை.

தமிழ் ஆக்கம் அதைவிடத் தெளிவாகவே பேசுகிறது. மாலை என்பதற்குத் தொடுத்தது என்ற பொருளோடு வரிசை என்ற பொருளும் உண்டு. நான்மணிமாலை என்றொரு சிற்றிலக்கிய வகை இருக்கிறதே, அதில் வெண்பா, கட்டளைக்கலித்துறை, விருத்தம், அகவல் நான்கும் முறை மாறாமல் அடுத்தடுத்து வரும். ஸ்பெக்ட்ரத்தின் உயிரும் அந்த முறைதான்: அலைநீளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடம் மாறாமல் நிற்க வேண்டும். கற்றை அப்படியல்ல, சேர்த்துக் கட்டிய ஒரு பிடி. ஏலத்தில் விற்கும் துண்டுக்கு அலைக்கற்றை பொருந்தும், முழு வரிசைக்குப் பொருந்தாது.

இந்த ஊர்ப் பக்கம் இந்தப் பாடம் தண்ணீரோடு ஒட்டியது. இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை விழுந்தவர்களை இங்கே தேடிப் போக வேண்டாம். 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காரணமே அதுதான். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதை அளக்கும் முறைகளில் ஒன்றில் சிர்கோனியமும் ஸ்பாட்ன்ஸ் என்ற சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலை நீரில் கலப்பார்கள். ஃபுளோரைடு சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், நிறம் வெளுக்கும். 570 நானோமீட்டர் ஒளியை விட்டுப் பார்த்தால், ஃபுளோரைடு கூடக் கூட உட்கவரும் அளவு குறையும். அளக்கும் கருவி நிறமாலை ஒளிமானி (ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்). கல்லூரியில் பெரும்பாலும் அதன் ஏழை உறவினரான கலரிமீட்டர்தான் இருக்கும். அதைக் கலோரிமீட்டர் என்று ரெக்கார்டில் எழுதி, வெப்பம் அளக்கும் கருவியாக்கிவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. ‘நிறமானி’ என்று எழுதினால் அந்த வம்பே இல்லை.

இதே சோதனையில் வேகவியலும், அதாவது வினையின் வேகத்தைப் பற்றிய பாடமும், ஒளிந்திருக்கிறது. ஃபுளோரைடும் சிர்கோனியமும் வினைபுரியும் வேகம் அமிலத்தைப் பொறுத்தது. அந்தச் சிவப்புக் கரைசலில் அமிலத்தைக் கூட்டி வைத்தால் வினை நொடியில் முடிந்துவிடும், காத்திருக்க வேண்டாம். வேகத்தையே அளக்க வேண்டுமென்றால் கிரிஸ்டல் வயலட் சாயத்தில் சோடியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்து, 590 நானோமீட்டர் பக்கம் நிறம் மங்குவதை நேரத்தோடு குறித்துக்கொண்டே வரலாம். ஒரு பொருள் மிகுதியாக இருப்பதால் வேகம் மற்றதன் அளவை மட்டுமே பொறுத்ததுபோல் தெரியும் ‘போலி முதல் வகை வினை’க்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முழு மாலையும் தேவையில்லை, ஒரு பூ போதும்.

நிறமாலையின் சிக்கல் ‘நிறம்’ என்ற முன்பாதியில்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அவ்வளவே. அகச்சிவப்பு நிறமாலையில் 1,700 அலையெண் அருகே ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தால் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்பனைல் தொகுதி என்று படிக்கிறோம். அதில் எந்த நிறத்தைப் பார்த்தோம்? ‘அகச்சிவப்பு’ என்பதே எனக்கு உறுத்தும். லத்தீன் ‘இன்ஃப்ரா’ என்றால் கீழே. உள்ளே என்பது ‘இன்ட்ரா’. இலங்கைத் தமிழர் ‘செந்நிறக்கீழ்’ என்று எழுதுகிறார்கள். அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே இருப்பதால் அதுவே சரி. புறஊதாவுக்கு அவர்கள் சொல் ‘கழியூதா’. அகமும் புறமும் காதுக்குப் பழகிய இணை என்பதால் நம் பக்கம் நிலைத்துவிட்டது போலும்.

மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் அணுக்கரு காந்த ஒத்திசைவில் (என்.எம்.ஆர்.) நாம் பயன்படுத்துவது ரேடியோ அலை. 2ஜி செல்பேசி ஓடியது 900, 1,800 மெகாஹெர்ட்ஸில். 900 மெகாஹெர்ட்ஸ் ஒத்திசைவுக் கருவிகளும் உலகில் உண்டு. செய்தித்தாளின் அலைக்கற்றையும் ஆய்வகத்தின் நிறமாலையும் அங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அயனிகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு வந்தால் ஒளியே இல்லை. 1919இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஆஸ்டன் அமைத்த கருவி, அயனிகளை நிறை வாரியாகப் பிரித்து ஒளிப்படத் தகட்டில் கோடுகளாக விழவைத்தது. பார்க்க ஒளி நிறமாலை போலவே இருந்ததால் பெயரும் அங்கிருந்து வந்தது. தமிழில் ‘நிறை நிறமாலை’ என்றால் நாக்கும் தடுக்கும், பொருளும் தடுக்கும். ‘நிரல்’ என்று மாற்றலாம் என்றால் அந்தச் சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒளி சார்ந்தவற்றுக்கு, நிறம் தெரியாவிட்டாலும், பழகிய நிறமாலையே இருக்கட்டும். நிறைக்கு மட்டும் ‘நிறம்’ என்பதை உதறிவிட்டு ‘நிறைமாலை’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. வரிசை என்ற பொருள் அப்படியே நிற்கும்.