பால் கவருக்கு விலை உண்டு, சிப்ஸ் கவருக்கு ஏன் இல்லை?

உசிலம்பட்டியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய இரும்புக்கடையில் பால் கவரைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சிப்ஸ் கவரை வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் அதைச் செய்த கம்பெனிதானே திரும்ப எடுக்க வேண்டும்?"

பால் கவர் முழுக்கப் பாலிஎத்திலீன். கழுவி உருக்கினால் மறுபடி பிளாஸ்டிக் குருணையாகிவிடும். சிப்ஸ் கவர் பல படலங்களின் ஒட்டு. வெளியே அச்சிட்ட படலம், உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் படலம், நடுவில் அலுமினியப் பூச்சு. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் அந்தப் பூச்சு தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சிப்ஸில் சிக்கு வாடை ஏறாமல் காப்பது அதுதான். ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. பாலிஎத்திலீன் சுமார் 120 டிகிரியில் உருகும். பாலியெஸ்டர் படலம் இருந்தால் அதற்கு 250 வேண்டும். இரண்டையும் ஒன்றாக உருக்கிக் குருணையாக்க முடியாது. கடைக்காரர் மேல் தப்பில்லை.

இந்தக் கழிவுக்கு ஒரு வழியைக் கண்டது நம் மதுரை. திருப்பரங்குன்றத்திலுள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்காமல் ஜல்லியில் தூவினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜல்லியை 170 டிகிரி வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைப் போட்டால், ஒரு நிமிடத்துக்குள் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளக்கும். சாதாரணச் சாலையில் மழைநீர் கல்லின் நுண்துளைகளில் புகுந்து, தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடும். அப்படித்தான் குழி விழுகிறது. இங்கே துளைகள் அடைபட்டுவிடுகின்றன. தாரும் பிளாஸ்டிக்கும் ஹைட்ரோகார்பன் குடும்பம் என்பதால் இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். இந்த முறைக்கு 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. தேய்ந்த சாலையிலிருந்து பிளாஸ்டிக் துகள் எவ்வளவு உதிர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளக்கவும் அரசு இதுபோன்ற கல்லூரிகளுக்குப் பணம் தர வேண்டும்.

ஆனால் சாலை, கம்பெனியின் கடனைத் தீர்த்துவிடாது. பொருளின் கடைசி நாள் வரை தயாரித்தவரே பொறுப்பு என்ற கொள்கையை 1990-ல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் முன்வைத்தார். குப்பையின் செலவு தன் தலையில் விழுந்தால்தான் கம்பெனி கவரின் வடிவமைப்பையே மாற்றும் என்பது அதன் உயிர். இந்தியாவில் 2022 விதிகள்படி கம்பெனிகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து, மறுசுழற்சி செய்பவர்களிடம் இத்தனை டன் மறுசுழற்சியானது என்ற சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். மறுசுழற்சிக்கு உதவாததைச் சாலைக்கோ, எரிபொருளாகச் சிமெண்ட் சூளைக்கோ அனுப்பலாம்.

கணக்கு டன்னில்தான். தன் கவரையே எடுக்க வேண்டியதில்லை. அதே வகையில் யாருடைய கவரானாலும் சரி. இதில்தான் எனக்கு வருத்தம். டன் கணக்கைச் சரிக்கட்டினால் போதும் என்றால், கவரை வடிவமைப்பவர் காதுக்கு அந்த இரும்புக்கடைக்காரரின் "வேண்டாம்" எப்படி எட்டும்? ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன கவருக்குக் குறைந்த கட்டணம், பிரிக்க முடியாத ஒட்டுக்கு அதிகக் கட்டணம் என்று வைக்கலாம். பிரான்சில் கட்டணத்தை இப்படி ஏற்றி இறக்குகிறார்கள்.