குழந்தையின் தோலில் காபி நிறத் திட்டுகள் இருந்தால் எண்ணிப் பாருங்கள்

பிரெஞ்சில் 'கஃபே ஓ லே' என்றால் பால் சேர்த்த காபி. குழந்தைகளின் தோலில் மேடு தட்டாமல், ஓரம் தெளிவாகத் தெரியும் பழுப்புத் திட்டுகளுக்கு ஆங்கில மருத்துவமும் அதே பெயரை வைத்துக்கொண்டது. நம் தோலில் அந்த நிறம் டிகாஷன் பக்கம் போய்விடும். அதனால் வீட்டில் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் கிரகணத்தின்போது அம்மா வெளியே வந்ததால் வந்தது என்கிறார்கள்.

ஒன்றிரண்டு திட்டுகள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பருவமடைவதற்கு முன், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் 'நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1' என்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சளி, தடுப்பூசி என்று வரும் குழந்தையின் சட்டையையும் நான் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். சின்ன ஸ்கேலை வைத்து அளப்பேன். அப்புறம் கையைத் தூக்கி அக்குளைப் பார்ப்பேன். வெயிலே படாத அந்த இடத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே டாக்டர்" என்பார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மரபணு மாற்றம் புதிதாக ஏற்பட்டதுதான். கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதோ செய்ததோ எதுவும் காரணமில்லை. இதை மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை.

சில குழந்தைகளுக்குப் பார்வை நரம்பில் கட்டி வரலாம், பெரும்பாலும் 7 வயதுக்குள். ஒரு கண்ணில் பார்வை குறைந்தால் சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எனவே ஆண்டுதோறும் கண் பரிசோதனை கட்டாயம். ரத்த அழுத்தத்தையும் முதுகெலும்பையும் கூடவே பார்த்துவிடுவோம்.

பள்ளியில் படும் பாடுதான் என்னை அதிகம் வருத்துகிறது. இவர்களில் பாதிப் பேருக்குக் கவனம் நிற்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ சிரமம் இருக்கும். அறிவில் குறையில்லாத பிள்ளை, சோம்பேறி என்று திட்டு வாங்கிக்கொண்டே வளர்கிறது. ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள்.

திட்டை அழிக்க கிரீம் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். லேசரில் மறைந்தாலும் திரும்ப வருவது சகஜம். பிற்பாடு தோலுக்கடியில் கட்டி தென்பட்டு, வேகமாக வளர்ந்தாலோ வலித்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.